பீர் எப்போது தயார்? வீட்டில் காய்ச்சுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றி 20 லிட்டர் பீர் காய்ச்சுவது வழக்கம். என்னைப் பார்த்துத் தொடங்கிய நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். காய்ச்சுகிற அன்றைக்கு அவர்களில் யாரும் போன் செய்வதில்லை. ஐந்தாம் நாள்தான் ஆரம்பிக்கும். "குமிழி நின்றுபோச்சு, பாட்டிலில் ஊத்தலாமா?" அந்தக் கேள்வியும் அதன் அண்ணன் தம்பிகளும்தான் கீழே இருப்பவை. கணக்குச் சொல்லும் இடத்திலெல்லாம் ஒரே பீரை வைத்துக்கொள்கிறேன்: 20 லிட்டர் பேல் ஏல் (வெளிர் நிற பீர் வகை), தண்ணீரை 1.000 என்று வைத்தால் தொடக்க அடர்த்தி 1.048.

கிட் டப்பாவில் "ஏழு நாள்" என்று போட்டிருக்கிறது. அது போதாதா?

சில சமயம் போதும். அதை நம்பி மூடி போடக் கூடாது, அவ்வளவுதான்.

இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மே மாதம் அரைத்த மாவு பொழுது சாய்வதற்குள் பாத்திரத்தைத் தாண்டி வழியும். அதே அரிசி, அதே உளுந்து, ஊட்டியில் டிசம்பரில் மறுநாள் காலையிலும் அசையாமல் கிடக்கும். மாவு புளிக்க எத்தனை மணி நேரம் என்று அம்மாவிடம் கேட்டால் அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டார். மூடியைத் திறந்து பார்ப்பார். பீரும் அப்படித்தான். வெப்பம், போட்ட ஈஸ்ட்டின் அளவு, அதன் உடல்நிலை, மால்ட் சாற்றின் (முளைகட்டிய தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு) அடர்த்தி எல்லாம் சேர்ந்து நாளைத் தீர்மானிக்கின்றன. டப்பாவை அச்சடித்தவருக்கு உங்கள் வீட்டுச் சூடு தெரியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை. பீருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்குவது. இது நம் ஊர்ச் சூட்டில் மூன்று நாளிலேயே முடிந்துவிடலாம். மற்றொன்று, அந்த அவசரத்தில் ஈஸ்ட் வெளியே தள்ளிய வேண்டாத வாசனைகளை அதுவே திரும்ப எடுத்துச் சுத்தம் செய்வது, பிறகு அடியில் படிவது. இதைத்தான் கண்டிஷனிங் என்கிறோம். முதல் வேலை முடிந்ததை இரண்டாவதும் முடிந்ததாக எடுத்துக்கொள்வதால்தான் பாதிப் பீர் கெடுகிறது.

ஏர்லாக்கில் குமிழி நின்றால் நொதித்தல் முடிந்தது என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஏர்லாக் என்பது தொட்டி மூடியில் செருகும், வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத சின்னக் குழாய். அதில் குமிழி வந்தால் உள்ளே இருந்து வாயு வெளியேறுகிறது என்று அர்த்தம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் வாயு பக்கவாட்டில் போய்விடும். பீர் உள்ளே ஆட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஏர்லாக் செத்தது போல இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. நொதித்து முடிந்து ஒரு வாரம் ஆன பீரை ஏசி அறையிலிருந்து சமையலறைக்கு மாற்றினால், சூடு ஏறக் கரைந்திருந்த வாயு வெளியே வந்து மறுபடி குமிழி விடும். "திரும்ப ஆரம்பிச்சிடுச்சு" என்று பதறி போன் வரும்.

ஏர்லாக் வீட்டு நாய் மாதிரி. யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லும், யார் என்று சொல்லாது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது?

ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கும் அந்தச் சின்னக் கருவி. மால்ட் சாற்றில் சர்க்கரை நிறைய இருக்கும்போது அது உயரே மிதக்கும், சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற உள்ளே இறங்கும். 1784ல் ஜான் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் பீர் காய்ச்சுபவர்களுக்காக இதை எடுத்துச் சொன்ன காலத்திலிருந்து இன்றுவரை இதைவிட மலிவான, நேர்மையான சாட்சி வரவில்லை.

செய்முறை எளிது. நுரை அடங்கிய பிறகு, ஏழாம் நாள் வாக்கில், குழாய் நிறையும் அளவு பீர் எடுத்துப் பாருங்கள். 1.012 என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் கழித்து மறுபடி எடுங்கள். 1.010 வந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மூன்று நாள் கழித்தும் 1.010 என்றால் நின்றுவிட்டது. ஒரே எண், குறைந்தது இரண்டு மூன்று நாள் இடைவெளியில், இரண்டு தடவை. ஒரு தடவை மட்டும் பார்த்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இதில் ஆட்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, குமிழிகள் கருவியில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிவிடும், 1.010 இருப்பது 1.013 போலத் தெரியும். கருவியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படியுங்கள். இரண்டாவது, பெரும்பாலான கருவிகள் 20 டிகிரிக்கு அளவெடுத்தவை, சில 15.6 டிகிரிக்கு. உள்ளே துண்டுச் சீட்டில் எழுதியிருக்கும். 20 டிகிரிக் கருவியை 30 டிகிரி பீரில் விட்டால் ஏறக்குறைய 0.0025 குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, எடுத்த பீரைத் திரும்பத் தொட்டிக்குள் ஊற்றுவது. தயவுசெய்து வேண்டாம். அதைக் குடியுங்கள். கேஸ் இல்லாமல், வெதுவெதுப்பாக, அவ்வளவு சுகமாக இருக்காது. ஆனால் எண் சொல்லாத பாதியை அந்த ஒரு மடக்கு சொல்லும்.

ஆல்கஹால் கணக்கும் இதிலிருந்தேதான் வரும். 1.048லிருந்து 1.010ஐக் கழித்தால் 0.038. அதை 131.25ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 5 சதவீதம்.

ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். இரண்டு சொட்டுப் போதும் என்றார்கள். எண் வேறாக வருகிறதே?

ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் இது, காய்ச்சும் நாளுக்கு அருமையான கருவி. நொதித்த பிறகு ஆல்கஹால் ஒளியை வேறு விதமாக வளைப்பதால் எண் அதிகமாகக் காட்டும். அதைத் திருத்தத் தனிக் கணக்கு இருக்கிறது. ஆனால் "எண் மாறுகிறதா, நின்றதா" என்று மட்டும் தெரிந்துகொள்ளத் திருத்தாமலே பயன்படுத்தலாம்.

என் பீர் 1.016லேயே நின்றுவிட்டது. எங்கே நிற்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

ஈஸ்ட் பாக்கெட்டில் அது எவ்வளவு சதவீதம் தின்னும் என்று எழுதியிருப்பார்கள். சாதாரண ஏல் ஈஸ்ட்டுகள் பலவற்றுக்கு 73 முதல் 80 வரை. 1.048 என்பதை 48 புள்ளி என்போம். அதில் 79 சதவீதம் போனால் 10 மிஞ்சும். அதுதான் நம் 1.010. ஆனால் இது ஈஸ்ட்டை மட்டும் பார்த்துச் சொல்வது. தானியத்தை 68, 69 டிகிரியில் ஊறவைத்திருந்தால் ஈஸ்ட்டால் கடிக்க முடியாத நீளச் சர்க்கரைகள் அதிகம் இருக்கும், பீர் உயரத்திலேயே நின்றுவிடும். 64, 65ல் ஊறவைத்தால் இன்னும் கீழே போகும். மில்க் ஸ்டவுட் என்ற கறுப்பு பீருக்காக லாக்டோஸ் (பால் சர்க்கரை) போட்டிருந்தால் அதை ஈஸ்ட் தொடவே தொடாது.

ஊகிக்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அதிகம் பேர் செய்வதில்லை, எனக்கு மிகவும் பிடித்தது. காய்ச்சிய அன்றே ஆறிய மால்ட் சாற்றில் கால் லிட்டரை ஒரு சுத்தமான பாட்டிலில் தனியாக எடுங்கள். அதில் ஒரு டீஸ்பூன் ஈஸ்ட்டை அள்ளிப் போடுங்கள், அளவு பார்க்க வேண்டாம். வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடிச் சமையலறை மேடையிலேயே வைத்து, போகும்போதும் வரும்போதும் ஒரு குலுக்கு. நம் சூட்டுக்கு இரண்டு நாளில் தின்ன முடிந்ததையெல்லாம் தின்று முடித்துவிடும். சுவை கேவலமாக இருக்கும், கவலையில்லை. அதன் அடர்த்தி 1.010 என்றால் பெரிய தொட்டியும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். தொட்டி 1.016ல் நின்றால் அது முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள், தூங்குகிறது.

தூங்கினால் சூட்டை மூன்று நான்கு டிகிரி ஏற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்படி தொட்டியை மெதுவாகச் சுழற்றுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். சர்க்கரை போட்டு எழுப்பலாம் என்பார்கள். சர்க்கரையைத் தின்றுவிட்டு மறுபடி படுத்துவிடும்.

ஈஸ்ட் போட்டு 12 மணி நேரம் ஆச்சு, ஒன்றுமே நடக்கவில்லை!

தூங்கப் போங்கள். 24 மணி நேரம் வரை சாதாரணம். மூன்று நாள் ஆகியும் நுரையும் இல்லை, அடர்த்தியும் இறங்கவில்லை என்றால் புது ஈஸ்ட் போடுங்கள்.

சூடான ஊரில் இருப்பதால் சீக்கிரம் முடிகிறது. நல்லதுதானே?

சீக்கிரம் முடிகிறது, உண்மை. நல்லதா என்பது ஈஸ்ட்டைப் பொறுத்தது. சாதாரண ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் ஒழுங்காக நடந்துகொள்ளும். என் வீட்டு ஹாலில் எந்த மாதமும் 28க்குக் கீழே இறங்காது. போதாததற்கு நொதித்தலே சூட்டை உண்டாக்கும். உச்சத்தில் இருக்கும்போது தொட்டிக்குள் சுற்றுப்புறத்தைவிட மூன்று, ஐந்து டிகிரி கூட இருக்கும். ஆக ஹாலில் 29 என்றால் ஈஸ்ட்டுக்கு 33. அந்தச் சூட்டில் அது பியூசல் எனப்படும் கனமான ஆல்கஹால்களை உண்டாக்கும். பெயின்ட் தின்னர் போன்ற வாசனை, தொண்டையில் ஓர் எரிச்சல், மறுநாள் தலைவலி. எத்தனை மாதம் வைத்தாலும் இது பெரும்பாலும் போகாது. கண்டிஷனிங் சரிசெய்யும் குறைகளும் உண்டு, சரிசெய்யாதவையும் உண்டு. இது இரண்டாம் ரகம்.

இந்தச் சேதமெல்லாம் முதல் மூன்று நாளில் நடப்பது. அந்த மூன்று நாள் குளிர்ச்சியாக வைத்தால் பிறகு தானாகச் சூடு ஏறினாலும் பரவாயில்லை, சொல்லப்போனால் நல்லதுதான். பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கி, வெப்பக் கட்டுப்பாட்டு ஸ்விட்ச் ஒன்றை இடையில் மாட்டினால் பிரச்சினை தீர்ந்தது. நான் 19ல் வைத்து, நாலாம் நாள் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவேன். இடமில்லாதவர்கள் தொட்டியைப் பெரிய தண்ணீர் டப்பில் நிறுத்தி, தண்ணீர் உறையவைத்த பாட்டில்களைக் காலை மாலை மாற்றிப் போடலாம். ஈரத் துண்டு சுற்றி ஃபேன் போடுவது வறண்ட ஊருக்கு ஏற்ற யோசனை. கடலோரத்தில் மழைக்காலத்து மண்பானைத் தண்ணீர் எவ்வளவு குளிருமோ அவ்வளவுதான் இதுவும் குளிரும்.

ஃபிரிட்ஜும் இல்லை, டப்புக்கும் இடமில்லை. நான் காய்ச்சவே கூடாதா?

க்வைக் வாங்குங்கள். மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஈஸ்ட். மரத்தில் செதுக்கிய வளையங்களை அதில் தோய்த்துக் காயவைத்து, அடுத்த தடவை காய்ச்சுவதற்குப் பத்திரப்படுத்துவார்கள். அந்த வட்டார வழக்கில் க்வைக் என்றாலே ஈஸ்ட் என்றுதான் பொருள். வோஸ் என்ற ஊரிலிருந்து வந்த ரகம் இப்போது காய்ந்த பொடியாகப் பாக்கெட்டில் கிடைக்கிறது. அதற்கு 35 முதல் 40 டிகிரிதான் சுகம்! நார்வேக்காரன் ஈஸ்ட்டுக்கு நம் ஸ்டோர் ரூம் குளிர்கிறது என்பதை நினைத்து எத்தனை தடவை சிரித்திருப்பேன் என்று தெரியாது. 30 டிகிரியிலும் நன்றாக வேலை செய்யும், லேசாக ஆரஞ்சுத் தோல் வாசனை தரும், இரண்டு மூன்று நாளில் சர்க்கரையை முடித்துவிடும். லேசான பீர் என்றால் ஈஸ்ட் ஊட்டச்சத்துப் பொடி கொஞ்சம் சேர்ப்பது நல்லது.

இதிலும் ஹைட்ரோமீட்டர் விதி மாறாது. வேகமான ஈஸ்ட் என்பதால் இரண்டு அளவுகளை ஒரே நாளில் காலையும் மாலையும் எடுத்து முடித்துவிடாதீர்கள்.

அடர்த்தி நின்றுவிட்டது, ஆனால் வெண்ணெய் வாசம் அடிக்கிறது. கெட்டுப்போச்சா?

அநேகமாகக் கெடவில்லை. தியேட்டர் பாப்கார்ன் வாசம் என்றால் அது டைஅசிட்டைல். ஈஸ்ட் வளரும்போது ஒரு முன்பொருளை வெளியே விடுகிறது. அது பீரில் கிடந்து மெதுவாக டைஅசிட்டைலாக மாறும். மாறியதை ஈஸ்ட் திரும்ப உள்ளே இழுத்து வாசனையில்லாத பொருளாக்கிவிடும். ஈஸ்ட் விழித்துக்கொண்டு, போதிய சூட்டில் இருந்தால் இது இரண்டு மூன்று நாள் வேலை. அதற்குள் பீரைக் குளிரவைத்தால் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும், வெண்ணெய் மேலேயே தங்கிவிடும்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. முன்பொருளுக்கு வாசனையே கிடையாது. இன்று முகர்ந்தால் சுத்தமாக இருக்கும் பீர், பாட்டிலில் போன பிறகு வெண்ணெய் அடிக்கும். இதைக் கண்டுபிடிக்க பீர் ஆலைகளிலும் செய்யும் ஒரு சோதனை வீட்டிலும் செய்யலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பீர் எடுத்து இரண்டையும் தாளால் மூடுங்கள். ஒன்றை 60, 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் நிறுத்துங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். பிறகு சூடானதை ஆறவைத்து இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடு அந்த முன்பொருளை உடனே டைஅசிட்டைலாக மாற்றிவிடும். சூடுபடுத்தியதில் மட்டும் வெண்ணெய் வந்தால் பீர் இன்னும் தயாராகவில்லை, இரண்டு நாள் விட்டு மறுபடி பாருங்கள். இரண்டிலும் வராவிட்டால் தாராளமாகப் பாட்டிலுக்குப் போகலாம்.

பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் அது அசிட்டால்டிஹைட். ஆல்கஹால் ஆவதற்கு முந்தைய படி. பீர் இன்னும் பிஞ்சு என்று அர்த்தம், காத்திருந்தால் குறையும். குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் வகை பீரில் அழுகிய முட்டை வாசனை வந்தால் அது கந்தகம், பெரும்பாலும் வாயுவோடு வாயுவாக வெளியேறிவிடும். புளிப்போ மேலே தோல் போல ஒரு படலமோ வந்தால் வேறு கிருமி நுழைந்திருக்கிறது. அதற்குக் காலம் மருந்தில்லை.

ஒரு வாரத்தில் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும் என்கிறார்களே?

பழைய ஆட்கள் சொல்வது. செத்த ஈஸ்ட்டின் மேல் பீர் கிடந்தால் குழம்பு வாசனை வந்துவிடும் என்ற பயம். பெரிய ஆலைகளில் பல ஆயிரம் லிட்டர் அழுத்தமும் சூடும் அந்த வண்டலின் மேல் இருக்கும். 20 லிட்டர் வாளிக்கு அந்தக் கவலை வேண்டாம். மூன்று நான்கு வாரம் ஒரே தொட்டியில் இருந்த என் பீருக்கு ஒன்றும் ஆனதில்லை. மாற்றும்போது உள்ளே போகும் காற்றுதான் உண்மையான எதிரி. நொதித்த பீரில் ஆக்சிஜன் பட்டால் ஈரமான அட்டைப்பெட்டிச் சுவை வரும். பழமோ மரத்துண்டோ போட்டு மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் மாற்றுங்கள். மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

லாகருக்கு மட்டும் ஏன் இவ்வளவு நாள்?

லாகர் என்ற ஜெர்மன் சொல்லே சேமித்து வைப்பதைக் குறிப்பது. அதன் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரியில் வேலை செய்வதால் எல்லாமே நிதானம். பவேரியாவில் 1553ல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே தடை போட்டார்கள், கோடையில் காய்ச்சியது கெட்டுப்போகிறது என்று. அதனால் குளிர்காலத்திலும் மார்ச்சிலும் காய்ச்சிக் குளிர்ந்த நிலவறைகளில் கோடை முழுக்க வைத்துக் குடித்தார்கள். அப்படி வைத்த பீர் தெளிந்து, வாசனை அடங்கி, மென்மையாக வந்தது.

வீட்டில் செய்வதானால் 12 டிகிரியில் நொதிக்கவிட்டு, முக்கால்வாசி அடர்த்தி இறங்கியதும் 16, 17க்கு ஏற்றி மூன்று நாள் விடுங்கள். மேலே சொன்ன வெண்ணெய் போவதற்குத்தான் இது. பிறகு 2 டிகிரியில் நான்கு முதல் எட்டு வாரம். ஃபிரிட்ஜை அத்தனை நாள் பீருக்கே விட்டுக்கொடுக்க வீட்டில் சம்மதம் வாங்கியாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

பாட்டிலில் எவ்வளவு சர்க்கரை போடுவது? வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட ஒரு சின்னப் புகலிட அறை உண்டு, போர் வந்தால் ஒளிந்துகொள்ள. எல்லாரையும் போல நாங்களும் அதை ஸ்டோர் ரூமாக்கிவிட்டோம். என் மூன்றாவது பீரின் ஒன்பது பாட்டில்கள் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அறைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. குண்டு தாங்கக் கட்டிய அறை, குண்டைத் தாங்கியது. அரிசி மூட்டையில் கண்ணாடித் துண்டுகள். மனைவி ஒரு வாரம் பேசவில்லை.

என்ன நடந்தது என்றால், குமிழி நின்றதைப் பார்த்து ஆறாம் நாள் பாட்டிலில் ஊற்றினேன். ஒரே ஒரு அளவு எடுத்தேன், அது 1.016. 'இவ்வளவுதான் போல' என்று நினைத்துக்கொண்டேன்.

கணக்கைப் பாருங்கள். பீரில் கேஸை மடங்கில் சொல்வார்கள். ஒரு லிட்டர் பீரில் எத்தனை லிட்டர் வாயு கரைந்திருக்கிறது என்பது. பேல் ஏலுக்கு 2.4 மடங்கு சரியாக இருக்கும். ஆங்கிலேயப் பிட்டருக்கு 1.5 முதல் 2 போதும், ஜெர்மன் கோதுமை பீருக்கு 3க்கு மேலும் போகும். லிட்டருக்கு 4 கிராம் வெள்ளைச் சர்க்கரை போட்டால் ஏறத்தாழ ஒரு மடங்கு கூடும். 20 டிகிரியில் நொதித்த பீரில் ஏற்கெனவே 0.85 மடங்கு தங்கியிருக்கும். பாக்கி 1.55. ஆக லிட்டருக்கு 6 கிராம், 20 லிட்டருக்கு 120 கிராம். பீர் 30 டிகிரி வரை ஏறியிருந்தால் தங்கியிருப்பது குறைவு, 15 கிராம் கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது, அடர்த்தியில் ஒரு புள்ளி, அதாவது 0.001, மூடிய பாட்டிலுக்குள் இறங்கினால் சுமார் அரை மடங்கு கேஸ் வரும். என் பீர் 1.016லிருந்து 1.010க்கு உள்ளேயே இறங்கியது. ஆறு புள்ளி, மூன்று மடங்கு. சர்க்கரையோடு சேர்த்து ஐந்துக்கு மேல். சாதாரண பீர் பாட்டிலை மூன்றுக்கு மேல் நான் நம்புவதில்லை.

சர்க்கரையை ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்பூனால் போடாதீர்கள், ஒன்றுபோல் விழாது. எடை போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, காலி வாளியின் அடியில் ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாய் வழியே சலசலக்காமல் இறக்குங்கள். சேசோன் (பெல்ஜியப் பண்ணை பீர்) வகை ஈஸ்ட் பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் பல, மற்ற ஈஸ்ட் விட்டுவைக்கும் நீளச் சர்க்கரையையும் வெட்டித் தின்னும் டயஸ்டாட்டிகஸ் இனம். நின்றது போல நடித்துவிட்டு வாரக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதே வாளியையும் குழாயையும் சரியாகக் கழுவாமல் அடுத்த பீருக்குப் பயன்படுத்தினால் அங்கேயும் குடியேறிவிடும்.

ட்ரை ஹாப் போட்ட பிறகு அடர்த்தி மறுபடி இறங்குகிறது. ஏன்?

ட்ரை ஹாப் என்பது நொதித்த பீரில் வாசனைக்காக ஹாப்ஸ் பூவைப் போடுவது. அந்தப் பூவிலேயே கொஞ்சம் நொதிகள் இருக்கின்றன. அவை நீளச் சர்க்கரையை உடைத்துக் கொடுக்க, ஈஸ்ட் மறுபடி சாப்பாட்டுக்கு உட்காருகிறது. இங்கிலாந்தில் பிரவுன், மாரிஸ் என்ற இருவர் 1893லேயே இதைக் கவனித்து எழுதினார்கள். ஹாப்ஸ் நிறையக் கொட்டும் ஐபிஏ காலம் வந்த பிறகுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. ஹாப்ஸ் போட்டபின் அளவு எடுக்கும் சடங்கை முதலிலிருந்து தொடங்குங்கள். வெண்ணெய்ச் சோதனையும் சேர்த்து.

பாட்டிலில் ஊற்றி நாலு நாள் ஆச்சு. திறக்கலாமா?

திறப்பீர்கள், எனக்குத் தெரியும். அதற்காகவே ஒரு பெட் (பிளாஸ்டிக்) பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி வையுங்கள். கையால் அமுக்கிப் பார்த்தால் நாளுக்கு நாள் இறுகுவது தெரியும். கல் மாதிரி ஆனதும் கேஸ் ஏறிவிட்டது. 20 டிகிரியில் இரண்டு வாரம், நம் 28, 30ல் ஒரு வாரம், பத்து நாள். பிறகு குடிப்பதற்கு முன் இரண்டு நாளாவது ஃபிரிட்ஜில் இருக்கட்டும். வாயு பாட்டிலின் கழுத்தில் இருப்பது வேறு, பீருக்குள் கரைவது வேறு. சூடான பாட்டிலை அவசரமாகக் குளிரவைத்துத் திறந்தால் பொங்கி வழிந்துவிட்டு, குவளையில் சப்பென்று இருக்கும்.

குடித்தால் ஆபத்தா? கள்ளச்சாராயச் சாவு மாதிரி ஏதாவது?

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே ஆளைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். மால்ட்டை ஈஸ்ட் நொதிக்கவைத்தால் வருவது எத்தனால். மெத்தனால் பொருட்படுத்தும் அளவில் வராது. காய்ச்சி வடிப்பது வேறு வேலை, அதில் இறங்காதீர்கள். பூஞ்சை பூத்த பீரைக் கொட்டிவிடுங்கள்.

சட்டம்?

சிங்கப்பூரில் சொந்தத் தேவைக்கு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமமில்லாமல் காய்ச்சலாம், விற்கக் கூடாது. பிரிட்டனில் 1963லிருந்து உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978 சட்டத்தில் அனுமதி வந்தது. தமிழ்நாட்டில் உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பது குற்றம், அங்கிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் கடைசி பாட்டில்தான் பிரமாதமாக இருக்கிறது. ஏன் அப்படி?

ஏனென்றால் அதற்கு மட்டும்தான் போதிய நாள் கிடைத்தது. எல்லா பீருக்கும் இது பொருந்தாது. கோதுமை பீரும் ஹாப்ஸ் வாசனைக்காகக் காய்ச்சும் ஐபிஏவும் ஒரு மாதத்துக்குள் குடிக்க வேண்டியவை. வைத்தால் வாசனைதான் போகும். 5 சதவீத பேல் ஏல் பாட்டிலில் மூன்றாவது வாரத்திலிருந்து நன்றாக இருக்கும். கறுப்பு ஸ்டவுட், 8, 9 சதவீதத்துக்கு மேற்பட்டவை எல்லாம் மூன்று மாதம் கழித்துத்தான் பேசத் தொடங்கும்.

நான் செய்வது இது. மூடி போட்டவுடன் ஒவ்வொன்றின் தலையிலும் மார்க்கரால் தேதி. ஆறு பாட்டிலை மட்டும் தனியாக ஒரு அட்டைப்பெட்டியில், அலமாரியின் அடித்தட்டில், பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளிவிடுவேன். போன தீபாவளிக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது அங்கிருந்து ஒரு ஸ்டவுட் கிடைத்தது. தேதியைப் பார்த்தேன், பதினான்கு மாதம். ஒட்டடைக் கம்பை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு அதை ஃபிரிட்ஜில் வைத்தேன்.